அவர் என்ன பாவம் செய்தார்?

உங்கள் அக்காவின் கணவர் இரவுப் பணி முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் வழியில், குடித்துவிட்டுக் கார் ஓட்டிவந்த ஒருவர் மோதி இறந்துபோனார் என்று எழுதியிருக்கிறீர்கள். யாருக்கும் தீங்கு நினைக்காத மனிதர் என்றும், மோதியவரோ சில நாட்களிலேயே ஜாமீனில் வந்து தம் கடையை வழக்கம்போல் நடத்துகிறார் என்றும், துக்கம் கேட்க வந்த உறவினர் ஒருவர் "என்ன பாவம் செஞ்சாரோ, இப்படி ஆயிட்டு" என்று சொன்னது இன்னும் காதில் கிடக்கிறது என்றும் சொல்கிறீர்கள். வாழ்க்கை நியாயமானதுதானா, அவரவர்க்குத் தகுந்ததுதான் அவரவர்க்குக் கிடைக்கிறதா என்பது உங்கள் கேள்வி.

நான் தத்துவம் படித்தவன் அல்லன். திருநெல்வேலியில் 27 ஆண்டுகளாக வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞன். ஆனால் இந்தக் கேள்வியை என் மேசைக்கு எதிரே அமர்ந்து யாராவது ஒருவர் கேட்காத வாரம் அரிது. கேட்பவர் பெரும்பாலும் இறந்தவரின் தாயாகவோ மனைவியாகவோ இருப்பார். ஆகவே அவர்களுக்கு நேரில் முழுமையாகச் சொல்ல முடியாமல் போனதைச் சற்று விரிவாகவே உங்களுக்கு எழுதுகிறேன்.

கிடைப்பதில்லை என்பதே என் பதில். ஆனால் உங்கள் ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று முன்னோக்கிப் பார்ப்பது: நான் ஒழுங்காக நடந்துகொண்டால் எனக்கு நல்லது கிடைக்குமா? மற்றொன்று பின்னோக்கிப் பார்ப்பது: இவருக்குக் கெட்டது நடந்திருக்கிறதே, அப்படியானால் இவர் ஏதோ செய்திருக்க வேண்டும் அல்லவா? முதலாவதில் ஓரளவு உண்மை இருக்கிறது. இரண்டாவதில் உண்மை இல்லை. அதோடு, துக்க வீட்டில் அந்த உறவினர் வாயிலிருந்து வந்தது இரண்டாவதுதான். முதலாவதை நம்புகிறவர்கள் தம்மை அறியாமலேயே இரண்டாவதையும் நம்பத் தொடங்கிவிடுகிறார்கள் என்பதே இந்த விவகாரத்தின் சிக்கல்.

அந்த உறவினரைக் கொடியவர் என்று நான் நினைக்கவில்லை. 1960களில் அமெரிக்காவின் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் மெல்வின் லெர்னர் என்ற உளவியலாளர் இதைத்தான் ஆராய்ந்தார். மனநோயாளிகளிடம் பரிவோடு பழகும் மருத்துவப் பணியாளர்களே, அந்த நோயாளிகளின் நிலைமைக்கு அவர்களையே குறை சொல்லிப் பேசுவதைத் தம் பயிற்சிக் காலத்தில் கேட்டது அவரை உறுத்தியிருந்தது. 1966இல் கரோலின் சிம்மன்ஸ் என்பவருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட சோதனை இது: மாணவியர் சிலரை உட்காரவைத்து, ஒரு பெண் சொற்களை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதையும், தவறு செய்யும்போதெல்லாம் அவளுக்கு மின்னதிர்ச்சி கொடுக்கப்படுவதையும் திரையில் காட்டினார்கள். அதிர்ச்சி உண்மையானதன்று, அவள் நடித்தாள். பார்த்தவர்களுக்கு அது தெரியாது. ஒரு குழுவுக்கு, அவளை அந்த நிலையிலிருந்து மாற்றி, அதிர்ச்சிக்குப் பதில் சரியான விடைக்குப் பணம் கிடைக்கச் செய்யும் வாய்ப்புத் தரப்பட்டது. மற்றொரு குழுவிடம், அவளுடைய துன்பம் இன்னும் தொடரும், உங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லப்பட்டது. பிறகு அவளைப் பற்றி மதிப்பிடச் சொன்னபோது, உதவ முடிந்தவர்களைக் காட்டிலும் உதவ முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தவர்களே அவளைத் தாழ்வாக மதிப்பிட்டார்கள்.

அந்தச் சோதனையில் மூன்றாவதாக ஒரு குழுவும் இருந்தது. என்னை மிகவும் கலங்கவைத்தது அதன் முடிவு. அவர்களுக்கு முன்னால் அந்தப் பெண் முதலில் மறுக்கிறாள். பிறகு, தான் ஒத்துக்கொண்டால்தான் பார்க்கும் மாணவியருக்குப் பாடத்தில் சேரவேண்டிய மதிப்பெண் கிடைக்கும் என்று சொல்லப்பட்டதும், அவர்களுக்காகச் சம்மதிக்கிறாள். தமக்காகவே துன்பத்தை ஏற்ற அவளைத்தான் அந்தக் குழு எல்லாரிலும் கீழாக மதிப்பிட்டது. நல்லவள் துன்பப்படுகிறாள் என்பதை ஒத்துக்கொள்வது அவ்வளவு கடினமாக இருந்திருக்கிறது. அதை ஒத்துக்கொள்வதைவிட, அவள் அப்படியொன்றும் நல்லவள் இல்லை என்று நினைப்பது எளிதாக இருந்திருக்கிறது. இதற்கு முந்திய ஆண்டில் லெர்னர் செய்த வேறொரு சோதனை இதன் மறுபக்கத்தைக் காட்டியது: சேர்ந்து வேலை செய்த இருவரில் ஒருவருக்கு மட்டும் குலுக்கல் முறையில் பணம் கொடுத்தபோது, அது குலுக்கல்தான் என்று தெரிந்திருந்தும், பணம் பெற்றவரே நன்றாக வேலை செய்தார் என்று பார்த்தவர்கள் கருதினார்கள்.

உங்கள் உறவினர் செய்ததும் இதுவே. உங்கள் அத்தான் பிழையற்றவர் என்றால், அவருக்கு நடந்தது நாளை இவருடைய மகனுக்கும் நடக்கலாம். அந்த எண்ணத்தோடு யாராலும் நிம்மதியாகப் படுக்க முடியாது. எனவே இறந்தவரிடம் ஏதோ ஒரு பாவத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும். இந்தப் பிறவியில் அகப்படாவிட்டால் முற்பிறவி இருக்கவே இருக்கிறது. ஜாதகம் நம்பாதவர்களும் இதையே வேறு சொற்களில் செய்வார்கள்: அந்த நேரத்தில் அந்தச் சாலையில் ஏன் போனார், தலைக்கவசம் போட்டிருந்தாரா, வேகமாகப் போனாரோ. நீதிமன்றத்தில் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் இதே கேள்விகளைத்தான் கேட்பார். அவர் கேட்பது தொழில், அதற்குச் சம்பளம் உண்டு. துக்க வீட்டில் கேட்பவர்கள் சம்பளம் இல்லாமல் கேட்கிறார்கள்.

இனி எங்கள் ஊரிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1934 ஜனவரி 15ஆம் தேதி பிற்பகலில் பீகாரிலும் நேபாளத்திலும் மாபெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. முங்கேர், முசாபர்பூர் போன்ற நகரங்கள் இடிந்து விழுந்தன. 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அப்போது தீண்டாமைக்கு எதிரான சுற்றுப்பயணத்தில் தென்னாட்டில் இருந்த காந்தி, ஜனவரி 24ஆம் தேதி திருநெல்வேலியில் பேசும்போது, அந்த நிலநடுக்கம் நம் பாவங்களுக்காகக் கடவுள் அனுப்பிய தண்டனை என்று தாம் நம்புவதாகச் சொன்னார். எந்தப் பாவம் என்பதிலும் அவருக்கு ஐயம் இல்லை. தீண்டாமை என்னும் பாவம்.

இதைப் படித்து வருந்திய தாகூர் மறுப்பு ஒன்றை எழுதி அனுப்பினார். அதைக் காந்தி தம் ஹரிஜன் இதழின் பிப்ரவரி 16ஆம் தேதி வெளியீட்டில், தம் பதிலோடு சேர்த்து அச்சிட்டார். தாகூர் தீண்டாமையை ஆதரித்தவர் அல்லர். அந்தப் போராட்டத்தில் காந்தியின் பக்கம் நின்றவர். இயற்கைச் சீற்றங்களுக்கு இயற்கையான காரணங்களே உண்டு, நம் பாவங்கள் எவ்வளவு பெரியனவாக இருந்தாலும் படைப்பின் கட்டுமானத்தையே இடித்துத் தள்ளும் வலிமை அவற்றுக்கு இல்லை என்பது அவருடைய வாதம். யாரோ செய்த குற்றத்துக்காக எங்கோ இருக்கும் குழந்தைகளையும், தீண்டாமையால் ஏற்கெனவே நசுக்கப்பட்டவர்களையும் சேர்த்துக் கொல்லும் கடவுளைவிட, குற்றவாளியை மட்டும் தேடித் தண்டிக்க முயலும் மனிதனே ஒழுக்கத்தில் உயர்ந்தவன் ஆகிவிடுவான் என்ற பொருள்பட அவர் எழுதினார். இன்னொன்றையும் சுட்டிக்காட்டினார்: இந்த ஆயுதத்தை எதிர்த்தரப்பினர் உங்களைவிட வசதியாகப் பயன்படுத்துவார்கள், உங்கள் தீண்டாமை எதிர்ப்பால்தான் நிலம் நடுங்கியது என்று சனாதனிகள் சொன்னால் என்ன செய்வீர்கள்?

காந்தி அதற்குச் சொன்ன பதில் நேர்மையானது. சனாதனிகளுக்கு அப்படிச் சொல்ல முழு உரிமை உண்டு என்றே அவர் ஒத்துக்கொண்டார். தம் நம்பிக்கையைத் தம்மால் மெய்ப்பிக்க முடியாது என்றும், ஆனால் அது தம்மைப் பணிவுள்ளவனாக்கித் திருத்திக்கொள்ளத் தூண்டுகிறது என்றும் எழுதினார். தண்டனை என்ற நம்பிக்கை நிவாரண வேலையையும் தடுக்கவில்லை. மார்ச்சில் அவரே பீகாருக்குப் போனார். சிறையிலிருந்து அப்போதுதான் வெளிவந்திருந்த ராஜேந்திர பிரசாத் அங்கே நிவாரணப் பணிகளை முன்னின்று நடத்திக்கொண்டிருந்தார்.

இந்த விவாதத்தில் நான் தாகூர் பக்கம். இருந்தாலும் காந்தி "அவர்கள் பாவம்" என்று சொல்லவில்லை, "நம் பாவம்" என்று சொன்னார் என்பதை ஒதுக்கிவிட முடியாது. தனக்கு நேர்ந்த துன்பத்தைத் தன் வினை என்று ஒருவர் எடுத்துக்கொள்வதும், அடுத்தவருக்கு நேர்ந்த துன்பத்தை அவர் வினை என்று பக்கத்தில் நிற்பவர் அறிவிப்பதும் ஒரே வாக்கியமாகத் தோன்றினாலும் வேறு வேறு செயல்கள். என்னிடம் வரும் தாய்மார்கள் "எந்த ஜென்மத்துல என்ன செஞ்சேனோ" என்று சொல்லும்போது நான் மறுத்துப் பேசுவதே இல்லை. காரணமே இல்லாமல் மகன் போய்விட்டான் என்பதைத் தாங்குவதைவிட, காரணம் தன்னிடம் இருக்கிறது என்று நினைப்பது அவர்களுக்குத் தாங்கக்கூடியதாக இருக்கிறது. ஆனால் அதே சொற்களை அவர்களுடைய மருமகளைப் பார்த்து இன்னொருவர் சொன்னால், அது தாலியறுத்தவள் என்ற வசையாக மாறிவிடுகிறது. காந்தியின் "நம்" என்ற சொல்லும் பீகாரில் இறந்தவர்களைக் கலந்துபேசிச் சொல்லப்பட்டதன்று. என் தயக்கம் அங்கேதான்.

தமிழ் மரபு இந்தக் கேள்வியை எப்படிப் பார்த்தது என்று கேட்டால், மரபு ஒரே குரலில் பேசவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். "அறத்தாறு இதுவென வேண்டா சிவிகை பொறுத்தானோடு ஊர்ந்தான் இடை" என்ற குறளுக்குப் பரிமேலழகர் எழுதிய உரைப்படி, அறத்தின் பயன் என்ன என்று நூல்களைக் கொண்டு விளக்க வேண்டியதில்லை, பல்லக்கைச் சுமப்பவனையும் அதில் ஏறிச் செல்பவனையும் கண்ணால் பார்த்தாலே தெரிந்துவிடும். நான் மேலே பின்னோக்கிய பார்வை என்று சொன்னதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைக்காது: சுமப்பவன் சுமப்பதே அவன் தகுதிக்குச் சான்றாகிவிடுகிறது. 20ஆம் நூற்றாண்டு உரையாசிரியர்கள் சிலர் இதே "வேண்டா" என்ற சொல்லை வேறு விதமாகக் கொண்டு, சுமப்பவனுக்கும் ஏறிச் செல்பவனுக்கும் இடையே உள்ள நிலையைக் காட்டி இதுதான் அறத்தின் வழி என்று சொல்ல வேண்டாம் என்று பொருள் எழுதினார்கள். எந்த உரை வள்ளுவரின் உள்ளக்கிடக்கை என்று தீர்ப்புச் சொல்லும் புலமை எனக்கு இல்லை. ஆனால் அதே நூலில், பொறாமைக்காரன் வாழ்வதும் செம்மையானவன் கெடுவதும் "நினைக்கப்படும்" என்றும் ஒரு குறள் இருக்கிறது. உரையாசிரியர் அதற்கும் பழவினையைக் காரணமாகக் காட்டுவார். அப்படி நடப்பதையே வள்ளுவர் மறைக்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

புறநானூற்றின் 194ஆம் பாடலோ பழவினை என்று சமாதானம் சொல்வதில்லை. ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் மணமுழவு. ஒருத்தி பூச்சூடுகிறாள், ஒருத்தி கண்ணீர் விடுகிறாள். இப்படிப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று பக்குடுக்கை நன்கணியார் நேராகவே சொல்லிவிடுகிறார். இழவு வீட்டில் வாசிக்கத்தக்க பாட்டு என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்; யாரும் கேட்டதில்லை.

முன்னோக்கிய கேள்விக்கு வருகிறேன். "வினை விதைத்தவன் வினை அறுப்பான், தினை விதைத்தவன் தினை அறுப்பான்" என்கிறோம். என் கட்சிக்காரர்களில் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டு மானாவாரி விவசாயிகள் பலர் உண்டு. அவர்களிடம் இந்தப் பழமொழியைச் சொன்னால், மழை பெய்தால் அறுப்பான் என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்வார்கள். அவர்கள் சொல்வதுதான் சரியான வாசிப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. தினை விதைத்த நிலத்தில் நெல் விளையாது என்ற அளவில் பழமொழி மெய். விதைத்தவன் எல்லாம் அறுத்தே தீருவான் என்று அது சொல்லவில்லை. விதைக்காதவனுக்கு விளைச்சல் இல்லை என்பதிலிருந்து, விளைச்சல் இல்லாதவன் விதைக்கவில்லை என்ற முடிவுக்குத் தாவுவதுதான் பிழை. நிதானமாக ஓட்டுபவருக்கு விபத்து நேரும் வாய்ப்புக் குறைவு. அதனால் விபத்தில் சிக்கியவர் நிதானமாக ஓட்டவில்லை என்று ஆகிவிடாது.

உங்களுக்கு அதிகம் வலிப்பது மோதியவர் கடை நடத்துவதுதான் என்று நினைக்கிறேன். அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்று பலரும் ஆறுதல் சொல்லியிருப்பார்கள். எனக்கு அரசனைப் பற்றி மட்டுமே ஓரளவு தெரியும், அவனும் நின்றுதான் செய்கிறான். கவனக்குறைவால் மரணம் விளைவிப்பது ஜாமீனில் விடத்தக்க குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தில் அதிகபட்சம் 2 ஆண்டுச் சிறை என்றிருந்தது, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 5 ஆண்டாக உயர்ந்திருக்கிறது. ஜாமீன் என்பது விடுதலை அன்று. விசாரணை முடியும் வரை தண்டனை தொடங்காது என்பதுதான் அதன் பொருள். கடையைத் திறந்து உட்கார்ந்திருக்கும் மனிதர் உள்ளே எப்படி இருக்கிறார் என்பதை நீங்களும் அறிய முடியாது, நானும் அறிய முடியாது.

ஆனால் சங்கடமான ஒன்றை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. அன்றிரவு அந்த ஒருவர் மட்டுமா குடித்துவிட்டு வண்டி ஓட்டினார்? சட்டம் 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம் என்கிறது. அந்த அளவைத் தாண்டியவர்கள் மாவட்டம் முழுவதும் எத்தனையோ பேர் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்து, காலையில் எழுந்து பிள்ளைகளைப் பள்ளியில் விட்டிருப்பார்கள். காவல் துறையிடம் அகப்பட்ட சிலருக்கு, முதல் முறை என்றால், 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். செய்த செயல் எல்லாருக்கும் ஒன்றே. எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது ஒருவருக்கு மட்டும்தான். 1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரு மெய்யியலாளர்கள் இதை அறம் சார்ந்த அதிர்ஷ்டம் என்ற பெயரில் விவாதத்துக்குக் கொண்டுவந்தார்கள்: நாம் ஒருவருக்குச் சுமத்தும் பழியின் அளவே, அவர் கட்டுப்பாட்டில் இல்லாத தற்செயல்களைப் பொறுத்து மாறுகிறது. உங்கள் அத்தான் மீது மோதியவரின் குற்றத்தை இது குறைத்துவிடாது. வீடு போய்ச் சேர்ந்த மற்றவர்களின் குற்றமும் அவருடையதைப் போன்றதே என்றுதான் இது காட்டுகிறது, அவர்களில் நம் உறவினர்களும் நண்பர்களும் உண்டு. தகுதிக்கேற்ற பலன் என்ற கணக்கைக் கறாராகப் போடத் தொடங்கினால், தண்டிக்கப்பட வேண்டியவர்களின் பட்டியல் நமக்குப் பிடித்தமான இடத்தில் நிற்காது.

என் தொழிலில் நான் கற்றதாக ஏதாவது உண்டென்றால், தகுதிக் கணக்கை முடித்த பிறகுதான் உதவி என்று காத்திருக்க வேண்டியதில்லை என்பதே. இதைச் சட்டம் மெதுவாகத்தான் கற்றுக்கொண்டது. முன்பெல்லாம் ஓட்டுநரின் தவறு மெய்ப்பிக்கப்பட்டால்தான் குடும்பத்துக்குப் பணம். சாட்சி இல்லாத இரவு விபத்துகளில் ஒன்றும் கிடைக்காது. 1982இல்தான், யார் மீது தவறு என்று பார்க்காமலேயே மரணத்துக்கு 15,000 ரூபாய் தரவேண்டும் என்ற பிரிவு பழைய மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 25,000 ஆகி, 1994இல் 50,000 ஆனது. 2019இல் செய்யப்பட்டு 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் திருத்தத்தின்படி, தவறை மெய்ப்பிக்கத் தேவையில்லாத அந்த வழியில் மரணத்துக்கு 5 லட்சம். மோதிவிட்டு நிற்காமல் போன வாகனம் எதுவென்றே தெரியாவிட்டாலும், முன்பு 25,000 ரூபாயாக இருந்த நிவாரணம் இப்போது 2 லட்சம்.

தவறைப் பார்க்கும் வழக்குகளிலும், தவறு என்ற சொல்லை நீதிமன்றங்கள் துக்க வீட்டுக்காரர்களைவிடக் கவனமாகக் கையாள்கின்றன. ஒரு மோட்டார் சைக்கிளில் மூன்று பேர் போனபோது நடந்த விபத்தில், பின்னால் இருந்தவர் இறந்துபோக, மூவர் ஏறியதே விதிமீறல் என்பதால் அவர் பங்குக்குத் தொகை குறைக்கப்பட்டது. 2020இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. விதிமீறல் இருக்கலாம், ஆனால் அந்த மீறல்தான் விபத்தையோ அதன் விளைவையோ உண்டாக்கியது என்று காட்டாதவரை அவர் மீது பழியில் பங்கு சுமத்த முடியாது என்றது. "ஏதோ தப்பு செஞ்சிருப்பார்" என்பதற்கும், "இந்தத் தப்பு இந்த விளைவைத் தந்தது" என்பதற்கும் உள்ள தூரம் அவ்வளவு.

இதைச் சொல்லி எங்கள் தீர்ப்பாயம் தராசு முள் போன்றது என்று நான் பெருமையடிக்கப் போவதில்லை. கணக்கைப் பாருங்கள். ஒரே பேருந்தில் இறந்த இருவர், இருவருக்கும் வயது 32, இருவருக்கும் மனைவி, இரண்டு குழந்தைகள், தாய். ஒருவர் சுமை தூக்கி மாதம் 15,000 சம்பாதித்தவர்; மற்றவர் நிரந்தர வேலையில் மாதம் ஒரு லட்சம் வாங்கியவர். உச்ச நீதிமன்றம் 2009, 2017 தீர்ப்புகளில் வகுத்த முறைப்படி, முதலாமவரின் ஆண்டு வருமானத்தோடு எதிர்கால உயர்வுக்காக 40 விழுக்காடும், இரண்டாமவருக்கு நிரந்தர வேலை என்பதால் 50 விழுக்காடும் சேர்த்து, சொந்தச் செலவுக்காகக் கால் பங்கைக் கழித்து, அந்த வயதுக்குரிய 16ஆல் பெருக்க வேண்டும். சுமை தூக்கியவரின் குடும்பத்துக்கு 30,24,000 ரூபாய். மற்றவரின் குடும்பத்துக்கு, வருமான வரியைக் கழிப்பதற்கு முன், 2 கோடியே 16 லட்சம். சுமை தூக்கியவர் பெரும்பாலும் ரசீது இல்லாத கூலி வாங்கியவராக இருப்பார் என்பதால், அந்த 15,000ஐ நிரூபிக்கவே நாங்கள் தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கும்.

இறந்தவர் தகுதியை இந்தக் கணக்கு அளப்பதாக எந்த நீதிபதியும் சொல்லமாட்டார். குடும்பம் இழந்த வருமானத்தை ஈடுசெய்கிறோம், அவ்வளவுதான் என்பார். சரிதான். ஆனால் அந்த வருமானம் யார் வீட்டில் பிறந்தார், எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டாரா, ஊரில் கல்லூரி இருந்ததா என்பவற்றால் அமைந்தது. பிறப்பிலேயே இருந்த ஏற்றத்தாழ்வு இறப்புக்குப் பிறகும் பதினாறு மடங்காகப் பெருக்கப்படுகிறது. இல்லத்தரசிகளின் நிலை இன்னும் மோசமாக இருந்தது: சம்பளம் இல்லாதவர், ஆகவே இழப்பு இல்லை என்ற வாதத்தை நானே நீதிமன்றத்தில் கேட்டிருக்கிறேன். 1989 மார்ச் 3ஆம் தேதி ஜாம்ஷெட்பூரில் ஒரு நிறுவன விழாவில் நிகழ்ந்த தீ விபத்தில் பெண்களும் குழந்தைகளும் பலர் மாண்ட வழக்கில், 2001இல் உச்ச நீதிமன்றம் வீட்டு வேலைக்கு மாதம் 3,000 ரூபாய் என்று ஒரு மதிப்பு வைத்தது. தொகை சிறியது என்று இன்று தோன்றலாம். அதற்குப் பிறகு ஒரு தாயின் உழைப்புக்கு மதிப்புக் கேட்டு வாதாடும்போது எங்களுக்குக் கால் ஊன்ற ஓர் இடம் கிடைத்தது.

தகுதிக்கேற்ற பலன் என்ற நம்பிக்கையை விட்டுவிட்டால் மக்கள் ஒழுங்காக நடப்பார்களா என்று நீங்கள் கேட்கக்கூடும். லெர்னரே அந்த நம்பிக்கைக்கு ஒரு பயன் உண்டு என்று ஒத்துக்கொண்டார்: இன்று உழைத்தால் நாளை கிடைக்கும் என்று ஓரளவாவது நம்பாத குழந்தை பரீட்சைக்குப் படிக்காது. எனக்கு அதில் மறுப்பு இல்லை. என் மகளிடம் நானும் அப்படித்தான் சொல்லி வளர்த்தேன். தன்னைச் செலுத்திக்கொள்ள ஒருவர் அந்த நம்பிக்கையை வைத்துக்கொள்ளட்டும், பிறரை எடைபோட அதை எடுக்க வேண்டாம் என்பதோடு நான் நின்றுகொள்கிறேன். உங்கள் அத்தான் நல்லவராக இருந்தது வீண் என்ற முடிவுக்கும் நீங்கள் வரவேண்டியதில்லை. நல்ல குணம் தம்மை விபத்திலிருந்து காப்பாற்றும் என்று கணக்குப் போட்டு அவர் நல்லவராக இருந்திருக்கமாட்டார்.

அடுத்த முறை யாராவது உங்கள் அக்காவின் காதுபட அப்படிச் சொன்னால், விவாதம் வேண்டாம். "அவர் மேல ஒரு தப்பும் இல்லண்ணே, குடிச்சிட்டு வந்தவன் மோதினான்" என்று மட்டும் உரக்கச் சொல்லுங்கள். அது அக்காவுக்குக் கேட்க வேண்டும்.

இதற்கிடையே ஒரு வேலை இருக்கிறது. நீங்கள் விபத்து நடந்த தேதியை எழுதவில்லை. 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் திருத்தம், இழப்பீட்டு மனுவுக்கு விபத்து நாளிலிருந்து ஆறு மாதம் என்று கெடு வைத்திருக்கிறது. பதினாறாம் நாள், நாற்பதாம் நாள் என்று நாட்களை எண்ணும் வீட்டில் இந்த நாளை யாரும் எண்ணுவதில்லை. முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, அத்தானின் சம்பளச் சான்று, வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றைச் சேகரிக்கத் தொடங்குங்கள். மோதியவர் குடித்திருந்தார் என்பதால் காப்பீட்டுப் பணம் கிடைக்காது என்று யாராவது சொன்னால் நம்பி உட்கார்ந்துவிட வேண்டாம். குடும்பத்துக்கு முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு வாகன உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்று காப்பீட்டு நிறுவனத்துக்கு உத்தரவான வழக்குகள் பல உண்டு. குழந்தைகளின் பங்கு அவர்களுக்கு 18 வயது ஆகும் வரை தேசிய வங்கியில் வைப்புத் தொகையாக இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டியை எடுத்துக்கொள்ள அக்காவுக்கு அனுமதி கேட்டு மனுவிலேயே எழுதச் சொல்லுங்கள். பள்ளிக் கட்டணம் கட்டும் மாதங்களுக்கு அது உதவும்.